நாலாவது காலுக்கு ஒரு விண்ணப்பம்

நாற்காலி செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு முக்காலி ஆயிற்று.

அந்த நிமிஷம் வெள்ளத்துரை அதன் மேல்தான் இருந்தார். கொழும்புக்குப் போக வேண்டிய கப்பல் கயிற்றுச் சுருள்களுக்கு முகவரிச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். பின்பக்கத்து இடது கால் யாரையும் கேட்காமல் கழன்றுகொண்டது. மனிதர் மசிக்கூட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடியே தரையில் போய் உட்கார்ந்தார். மசி ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

திருவொற்றியூரில் கடலை ஒட்டி இருந்த அந்தக் கயிற்று ஆலையில் அவர் டெஸ்பாட்ச் குமாஸ்தா. ஆறு வருஷமாகத் தற்காலிகம். தற்காலிகமாக இருக்கும்போதே அவருக்குக் கல்யாணம் ஆனது, முன்மண்டை வழுக்கை ஆனது, யுத்தம் முடிந்தது, நாட்டுக்குச் சுதந்திரமே வந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. வேலை மட்டும் நிரந்தரம் ஆகவில்லை. வருகிற சனிக்கிழமை நிரந்தரமாக்கும் பட்டியலில் மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடாவிட்டால் வெள்ளத்துரை திங்கட்கிழமை முதல் வண்ணாரப்பேட்டையில் மைத்துனர் ராமசுப்புவின் மிளகாய் வற்றல் மண்டியில் தராசு பிடிக்க வேண்டும்.

அவருக்கு மிளகாய் நெடி ஆகாது. மண்டி இருக்கும் தெருமுனையிலேயே தும்மல் தொடங்கிவிடும். போன தீபாவளிக்கு மரியாதைக்காகக் கடைக்குள் போனவர் நாற்பத்தொரு தும்மல் தும்மினார். ராமசுப்பு எண்ணிச் சொன்னார்.

"இன்னா சார், தரையில குந்திகினு கீற?" என்று கேட்டபடி வந்தான் சுப்பராயன். பட்டணத்துக் கடற்கரையில் இருந்த தலைமை ஆபீசுக்கும் ஆலைக்கும் இடையே சைக்கிளில் தபால் சுமக்கும் பியூன் அவன்.

"நாற்காலி உடைஞ்சு போச்சுப்பா."

"இதுக்கா மூஞ்ச தொங்க போட்டுகினு கீற? தச்சன் பின்னாடி ஷெட்டுல தான் கீறான். ஒரு ஆணி அட்ச்சா தீந்துது. இட்டாரவா?"

"கூட்டி வா" என்று வெள்ளத்துரை சொல்லியிருந்தால் எல்லாரும் பகல் சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்கள்.

"வேண்டாம்" என்றார் அவர். "புது மேனேஜருக்கு எழுதிக் கேக்கப் போறேன். இங்கிலீஷ்ல."

புது மேனேஜர் தாமோதரன் அந்த ஆலையின் முதல் இந்திய மேனேஜர். அதுவரை அந்த அறையில் இருந்த துரை தலைமை ஆபீசுக்கு உயர்ந்து போய், இனி அங்கிருந்தே சீட்டு அனுப்பி ஆலையை நடத்தப் போவதாகச் சொல்லியிருந்தார். தாமோதரன் பொறுப்பேற்று ஒரு நாள்தான் ஆகியிருந்தது. ஆட்களின் பெயர் இன்னும் பழகவில்லை. 'டெஸ்பாட்ச்', 'ஸ்டோர்ஸ்' என்று இலாகாவைச் சொல்லித்தான் கூப்பிட்டார். கோட்டுப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக எந்நேரமும் பரபரப்பாகவே இருந்தார்.

அப்படிப்பட்டவர் மனத்தில் சனிக்கிழமைக்குள் இடம் பிடிக்க வேண்டுமானால் ஒரே வழி உயர்ந்த இங்கிலீஷ்தான் என்று வெள்ளத்துரை தீர்மானித்தார். அவரிடம் அதற்கு ஆயுதம் இருந்தது.

ராயபுரத்தில் பழைய சாமான் கடையில் வாங்கிய புத்தகம் அது. அட்டை கிழிந்து, எழுதியவர் பெயரும் அட்டையோடு போய்விட்டது. உள்ளே ஐந்நூறு கடின இங்கிலீஷ் வார்த்தைகள். ஒவ்வொன்றுக்கும் தமிழில் அர்த்தம், அதன் கீழே இங்கிலீஷில் ஓர் உதாரண வாக்கியம். தினமும் காலையில் குழாயடியில் குடத்தோடு நிற்கும்போது ஒரு வார்த்தையை மனப்பாடம் செய்வார்.

வார்த்தையை மட்டும் எடுத்துச் சொந்தமாக வாக்கியம் அமைப்பதில்லை என்று அவர் சபதம் செய்திருந்தார். காரணம் இருந்தது. 'பிரெக்னன்ட்' என்ற சொல்லுக்கு 'உள்ளே நிறைந்து இருத்தல்' என்று புத்தகம் சொன்னதை நம்பி, "நம் கிடங்கு ஆறு மாதமாகப் பிரெக்னன்டாக இருக்கிறது, அதற்கு நான்தான் பொறுப்பு" என்று பழைய துரைக்கு எழுதிவிட்டார். துரை ஒரு வாரம் சிரித்தார். அன்றிலிருந்து உதாரண வாக்கியத்தை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அப்படியே எடுத்து எழுதுவது என்று வைத்துக்கொண்டார். அச்சில் வந்தது தப்பாக இருக்குமா?

பக்கத்தைப் புரட்டினார். 'டிலாபிடேட்டட்: இற்றுப்போன, உடைந்துபோன' என்று கண்டதும் முகம் மலர்ந்தது. கீழே உதாரணம்: 'திஸ் டிலாபிடேட்டட் பில்டிங் மஸ்ட் பி இவாக்குவேட்டட் ஃபோர்த்வித்.'

"பில்டிங் என்னத்துக்கு வருது?" என்று ஒரு கணம் யோசித்தார். தச்சன் கட்டியதுதானே நாற்காலி, கட்டியதெல்லாம் பில்டிங்தான் என்று சமாதானம் ஆனார். 'இவாக்குவேட்' என்ற சொல்லைத் தேடிப் பார்த்தார். அர்த்தம் இருந்த இடத்தைப் பூச்சி அரித்து, 'கால' என்ற இரண்டு எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது. ஆக, காலைப் பற்றி ஏதோ சொல்கிறது. 'ஃபோர்த்வித்' என்பதற்கு அகராதியே தேவைப்படவில்லை. ஃபோர்த் என்றால் நாலாவது, வித் என்றால் உடன். நாலாவதுடன்!

வெள்ளத்துரைக்குப் புல்லரித்தது. "பாத்தியா சுப்பராயா? நாலாவது காலோட வேணும்னு அப்படியே போட்டிருக்கான். நம்ம நாற்காலியைப் பாத்துட்டு எழுதின மாதிரியே இருக்கு."

கம்பெனிப் பெயர் அச்சடித்த தாளில் டைப் அடித்தார். கீழே கையெழுத்துப் போட்டார். பெரிய மனிதர் கையெழுத்தை யாரும் வாசிக்க முடியக் கூடாது என்பது அவர் கட்சி. அவருடையது சிக்கு விழுந்த கயிற்றுச் சுருள் போல இருந்தது. உறையில் போட்டு ஒட்டி, சுப்பராயனிடம் கொடுத்தார்.

ஐந்து நிமிஷத்தில் சுப்பராயன் திரும்பி வந்தான்.

"என்ன சொன்னாரு?"

"ஒன்னியும் சொல்லல சார். எந்திர்ச்சி நின்னுகினு பட்ச்சாரு."

"நின்னுக்கிட்டா?"

"ஆமா சார். கோட்டு பித்தான எல்லாத்தியும் போட்டுகினு பட்ச்சாரு."

"இங்கிலீஷ்னா அப்படித்தாம்ப்பா" என்றார் வெள்ளத்துரை, தரையில் உட்கார்ந்தபடியே.

அடுத்த பத்தாவது நிமிஷம் ஆலையின் சங்கு ஊதியது.

யுத்த காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று ஊதிய அதே நீளத்துக்கு ஊதியது. கயிறு திரித்துக்கொண்டிருந்த முந்நூறு பேரும் அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். "திரும்பியும் வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே சிலர் எண்ணூர் வரைக்கும் ஓடிவிட்டார்கள். மேனேஜர் தாமோதரன் தலை கலைந்து நின்று, "எல்லாரும் வெளியே! கட்டடத்துக்குள்ள ஒருத்தர் இருக்கக் கூடாது! உடனே! உடனே!" என்று கத்தினார்.

புத்தகம் உண்மையில் சொன்னது, இடிந்து விழும் நிலையில் உள்ள இந்தக் கட்டடத்தை உடனே காலி செய்ய வேண்டும் என்பதுதான்.

மத்தியானத்துக்குள் மேசை, பீரோ, பதிவேடு எல்லாம் கடற்கரை மணலில் ஒரு பூவரச மரத்தடிக்கு வந்துவிட்டன. கால் போன நாற்காலியைக் கூட்டத்தில் யாரோ விறகுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

சாயங்காலம் தங்கபுஷ்பம் கணவரின் சட்டையிலிருந்து மணலைத் தட்டினாள். "நாக்காலி கேட்டேன்னு சொன்னியளே, கெடச்சுதா?"

"கெடைக்கல. ஆனா என் இங்கிலீஷுக்கு ஆலையே வெளிய வந்துட்டு."

"எங்கண்ணன் சொல்லிவிட்டிருக்கான். தராசு பிடிக்க ஆளு வேணுமாம். சனிக்கெழமை வரைக்கும்தான் பாப்பானாம்." அவள் குரல் தாழ்ந்தது. "எனக்கும் நீங்க அங்க போறது பிடிக்கல. இந்தத் தெருவுல எல்லார்ட்டயும் எங்க வீட்டுக்காரர் கிளார்க்குன்னு சொல்லி வச்சிருக்கேன். ஏதாவது செய்யுங்க."

புதன்கிழமை ஆபீஸ் மரத்தடியில் நடந்தது. கடற்காற்று ரங்கூன் சரக்குச் சீட்டுகளைக் கடலுக்கே அனுப்பியது. மீதியை ஓர் ஆடு தின்றது. வெள்ளத்துரை கயிற்று உருளை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கமாக வந்த மேனேஜர் அவர் முன்னே நின்றார்.

"நீங்க டெஸ்பாட்ச்தானே? வெயில்ல உக்காராதீங்க."

வெள்ளத்துரை எழுந்து நின்றார். 'சார், எனக்கு ஒரு நாற்காலிதான் வேண்டும்' என்ற தமிழ் வாக்கியம் தொண்டை வரை வந்தது. அவ்வளவு இங்கிலீஷ் எழுதிவிட்டுத் தமிழில் பேசினால் நேற்று எழுந்து நின்று படித்த மனிதர் என்ன நினைப்பார்? விழுங்கிவிட்டார்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்று பெருமூச்சு விட்டார் மேனேஜர். "என்ன செய்யறது? மேலே இருக்கறவர் சித்தம். நாம கேள்வி கேக்க முடியுமா?"

வெள்ளத்துரை ஆகாயத்தைப் பார்த்துக் கும்பிட்டார். இவ்வளவு பக்தியுள்ள மனிதரைத் தவிக்க விடக் கூடாது, எல்லாரையும் மறுபடி உள்ளே அழைத்துப்போகும்படி எழுதிவிட வேண்டும் என்று புத்தகத்தைத் திறந்தார்.

'ரீஇன்ஸ்டேட்: மீண்டும் பழைய இடத்தில் அமர்த்துதல்.' இதைவிடப் பொருத்தமாக ஒரு வார்த்தை கிடைக்குமா? உதாரணம்: 'தி டிஸ்மிஸ்டு வாட்ச்மேன் மஸ்ட் பி ரீஇன்ஸ்டேட்டட் வித் ஃபுல் ஆனர்ஸ்.'

டிஸ்மிஸ் என்றால் வெளியே அனுப்புவது. வெளியேதான் அனுப்பியிருக்கிறார்கள். வாட்ச்மேன்? ஆலைக் காவல்காரனை அந்த வட்டாரத்தில் எல்லாரும் தர்வான் என்றுதான் சொல்வார்கள். ஆகவே வாட்ச்மேன் என்பது வாட்ச் பார்த்து நேரத்துக்கு வந்து போகும் மனிதர், அதாவது குமாஸ்தா என்று அவர் புரிந்துகொண்டார். வெளியே அனுப்பிய குமாஸ்தாக்களை மரியாதையோடு பழைய இடத்தில் அமர்த்த வேண்டும். இதில் தப்பு சொல்ல யாரால் முடியும்?

சுப்பராயன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

"இந்த வாட்டியும் நின்னுகினே பட்ச்சாரு சார். அப்பால 'ஃபுல் ஆனர்ஸ்னா பேண்டு வைக்கணுமா'ன்னு என்னாண்ட கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"வெச்சா நல்லாத்தான இருக்கும்னேன்."

வியாழக்கிழமை பத்து மணிக்கு ராயபுரத்திலிருந்து பேண்டு வாத்தியம் வந்தது. அதற்குப் பின்னால் மேனேஜரின் கார். அதில் ரோஜா மாலையோடு ஜெயவேல் உட்கார்ந்திருந்தான்.

ஜெயவேல் போன வருஷம் வேலையை விட்டு நீக்கப்பட்ட தர்வான். இராக்காவலுக்குப் போட்ட மனிதன் கயிற்றுச் சுருளுக்கு உள்ளே படுத்துத் தூங்கிவிட்டான். அந்தச் சுருளை லாரியில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்பி, கிரேன் மேலே தூக்கியபோதுதான் விழித்துக்கொண்டான். இப்போது காத்திவாக்கத்தில் இறால் பிடித்துக்கொண்டிருந்தவனை மேனேஜரே நேரில் போய்க் கூப்பிட்டு வந்திருந்தார்.

"நான் தூங்கனது தப்புன்னு நானே ஒத்துகினேனே நைனா! இப்ப இன்னாத்துக்கு மாலை?" என்று அவன் எல்லாரையும் கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. மேனேஜர் தம் சொந்த நாற்காலியில் அவனை உட்கார வைத்து, பேண்டுக்காரர்களைப் பார்த்துத் தலையசைத்தார். பேண்டு முழங்கிக்கொண்டிருக்கும்போதே ஜெயவேல் தூங்கிவிட்டான்.

செய்தி பரவியது. பல வருஷங்களில் பல காரணங்களுக்காக நீக்கப்பட்ட பதினோரு பேர் வாசலில் வந்து, தங்கள் மாலை எங்கே என்று கேட்டார்கள்.

"இன்னா சார் இது, ஒரே பேஜாராகீது!" என்றான் சுப்பராயன். "நீ ஒரு நாக்காலிதான கேட்ட?"

வெள்ளத்துரை மறுபடி புத்தகத்தை எடுத்தார். "நான் எழுதினதைத் தப்பா புரிஞ்சுக்கிட்டிருக்காரு. முதல்ல எழுதின ரெண்டு கடுதாசியையும் அவரு மறந்துடணும். அதுக்கு ஒரு வார்த்தை இருக்கும்."

"வார்த்த வாணாம் சார்! நேரா போயி வாயால சொல்லேன்!"

"என்னன்னு சொல்ல? எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னா? சனிக்கிழமைக்கு நடுவுல ஒரு நாள்தான் இருக்குப்பா!"

புத்தகம் கைவிடவில்லை. 'ஆப்ளிட்டரேட்: இருந்த சுவடே தெரியாமல் அழித்தல்.' உதாரணம்: 'ஆல் ரிக்கார்ட்ஸ் ஆஃப் தி பாஸ்ட் மஸ்ட் பி ஆப்ளிட்டரேட்டட்.' கடந்த காலத்து ஏடுகளை எல்லாம் அழிக்க வேண்டும். கடந்த காலம் என்றால் செவ்வாயும் புதனும். இந்தத் தடவை அர்த்தம் கையிலேயே இருக்கிறது. நிம்மதியாகக் கையெழுத்துச் சுருளைச் சுற்றினார்.

சுப்பராயன் திரும்பி வரும்போது முகம் வெளிறியிருந்தது. "ரெண்டு வாட்டி பட்ச்சாரு சார். 'எல்லாத்தியுமா'ன்னு கேட்டாரு. நான் இன்னா கண்டேன்? எய்திகீற மாரி செஞ்சிடுங்க சார்னேன்."

கால் மணி நேரத்தில் மரத்துக்கு அந்தப் பக்கம் புகை எழுந்தது.

வெள்ளத்துரை மணலில் ஓடினார். மேனேஜர் கோட்டுப் பொத்தான்களை எல்லாம் போட்டுக்கொண்டு, ஆலை தொடங்கிய நாளிலிருந்து சேர்ந்த பதிவேடுகளை ஒவ்வொன்றாக நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கையில் அப்போது இருந்தது பச்சைக் கயிறு கட்டிய ஒரு ஃபைல். டெஸ்பாட்ச் குமாஸ்தாவின் ஊழியப் பதிவு.

"சார்! அது என்னோடது சார்!"

"எல்லாருடையதும்தான், டெஸ்பாட்ச். என்னோட நியமன உத்தரவையே முதல்ல போட்டுட்டேன்."

ஃபைல் நெருப்பில் விழுந்தது. ஆறு வருஷம். ஒரு நாள்கூடப் பிந்தி வராத ஆறு வருஷம். அம்மைக் காய்ச்சலுக்கு எடுத்த ஒன்பது நாளைத் தவிர லீவு எடுக்காத ஆறு வருஷம். ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வந்து, நடுவில் இருந்த அவர் பெயர் கடைசியாக எரிந்தது. வெள்ளத்துரைக்கு அழுகை வந்தது. புகை என்று சொல்லிக்கொண்டு நன்றாகவே அழுதார். பக்கத்தில் மேனேஜரும் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை. நிரந்தரமாக்கும் பட்டியல்? அது அதற்கும் முன்பே போய்விட்டிருந்தது.

அன்று சாயங்காலம் தங்கபுஷ்பம் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "அந்தப் புத்தகத்த இங்க தாங்க. அடுப்பு நல்லா எரியுது" என்றாள்.

"இன்னும் ஒரே ஒரு கடுதாசி பாக்கி இருக்கு தங்கம்."

"இன்னும் என்ன எழுதப் போறிய?"

"ராஜினாமா. அவங்க கண்டுபிடிச்சுக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுறதுக்கு முன்னாடி நானே மரியாதையா வந்துடுதேன். திங்கக்கெழமை உங்கண்ணன் மண்டிக்குப் போறேன்."

தங்கபுஷ்பம் புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். அப்புறம் உள்ளே போய், மூக்கைச் சுற்றிக் கட்ட ஏற்றதாக ஒரு மெல்லிய துண்டைத் தேடி எடுத்து வைத்தாள். அதைப் பார்த்தபோது வெள்ளத்துரைக்கு அங்கேயே ஒரு தும்மல் வந்தது.

வெள்ளிக்கிழமை. 'ரெலிங்க்விஷ்: பதவியைத் துறத்தல்.' உதாரணம்: 'தி போஸ்ட் மஸ்ட் பி ரெலிங்க்விஷ்டு பிஃபோர் சன்செட்.'

போஸ்ட் என்றால் பதவி. சன்செட் என்றால் சூரிய அஸ்தமனம். சூரியன் மறைவதற்குள் பதவியைத் துறந்துவிட வேண்டும். பூச்சி அரிக்கவில்லை, ஊகம் தேவைப்படவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முழு இங்கிலீஷ் வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லும் அவருக்கு விளங்கியது. விளங்கின வாக்கியம் இதுவாகவா இருக்க வேண்டும் என்று வருத்தமாக இருந்தது. டைப் அடித்தார். கடைசிக் கையெழுத்து என்பதால் சுருளில் இரண்டு சுற்று அதிகமாகவே சுற்றினார்.

"சுப்பராயா, இதோட சரி. இனிமே உனக்குத் தொந்தரவு இல்ல."

"இன்னா சார், இப்டி பேஸ்ற?" கடிதத்தை வாங்கிக்கொண்டு போனான்.

வெள்ளத்துரை மசிக்கூட்டை மூடினார். முகவரிச் சீட்டுகளை அடுக்கி மேலே ஒரு கல்லை வைத்தார். சாப்பாட்டு அடுக்கை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் காத்திருந்தார். மேனேஜர் ஏற்றுக்கொண்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியனுப்பினால் போய்விடலாம். ஒரு மணி ஆயிற்று. இரண்டு ஆயிற்று. வெயில் தாழ்ந்தது. பக்கத்தில் ஜெயவேல் வாடிய மாலையோடு இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான்.

நாலரை மணிக்குச் சுப்பராயன் வந்தான். கையில் ஒரு பெரிய சாவிக்கொத்து.

"இந்தா சார், புடி."

"என்னது இது?"

"ஆலை சாவி. மேனேஜர் ரூம்பு, கிடங்கு, கல்லா பொட்டி அல்லாம் இதுலதான் கீது. 'டெஸ்பாட்ச்தான் நல்ல மன்சன், அவராண்ட குட்து பொறுப்ப பாத்துக்க சொல்லு'ன்னாரு."

"அவரு எங்க?"

"பூட்டாரு."

"எங்க?"

"ரயிலுக்கு. ட்ரங்குப் பொட்டிய நான்தான் தூக்கியாந்து வெச்சேன். பொயுது சாயறதுக்குள்ள வேலைய உட்டுடணும்னு ஒரே ஓட்டமா ஓட்னாரு. நாளைக்கு புச்சா ஒரு லிஸ்டு எய்தி, ஒன் பேர நீயே போட்டு நீயே கையெய்து போட்டுக்க சார். கேக்கறதுக்கு ஆளு இல்ல."

வெள்ளத்துரை சாவிக்கொத்தைப் பார்த்தார். சாப்பாட்டு அடுக்கைப் பார்த்தார். "ராஜினாமா பண்ணினது நான்தானேய்யா! அவரு எதுக்குப் போறாரு?"

"அத்த நானும் கேட்டேன். அய்துகினே ஒரு பேச்சு சொன்னாரு சார், எனக்கே ஒரு மாரி ஆய்ப்போச்சு. 'சொதந்தரம் வந்து இன்னாடா பிரயோசனம், இன்னிக்கும் வெள்ளக்காரன் ஒரு சீட்டு அனுப்ச்சா மறுபேச்சு பேசாம செய்ய வேண்டியதா கீதே'ன்னாரு."

"வெள்ளக்காரன் சீட்டா? தலைமை ஆபீசுலேருந்து இந்த வாரம் ஒண்ணும் வரலேயே! நாலு கடுதாசியும் நான் எழுதினதுல்ல?"

"அத்தான் எனக்கும் புரியல சார்" என்றான் சுப்பராயன், தலையைச் சொறிந்துகொண்டு. "தெனமும் ஒறைய வாங்கறப்போ, 'யாருடா குட்தனுப்ச்சது'ன்னு கேப்பாரு. நானும் மறைக்காம ஒன் பேரத்தான் சொன்னேன், 'வெள்ளத்தொரை'ன்னு!"